பி மெமோ பத்திரமா இருக்கா?

மண்ணும் மனையும் – 17

தாம்பரத்தைச் சுற்றி ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். மழை வலுத்தால் முதலில் பரண்மேல் ஏறுவது அதுதான். ரேஷன் கார்டு, கரண்ட் அட்டை, வீட்டு வரி ரசீது, பிள்ளைகளின் டி.சி. என்று எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். அடியில், நாலாக மடித்த பி மெமோ கட்டு. சென்ற வாரம் கிராம நத்தம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் பாதி இந்தக் கட்டைப் பற்றியதுதான். "முப்பது வருஷமா கிஸ்தி கட்டுறோம் சார். சட்டப்படி நிலம் எங்களுக்குத்தானே?"

அந்தத் தாளை ஒருமுறை விரித்துப் படித்துப் பார்த்தால் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. கிராமத்தின் பெயர், புல எண், பரப்பு, ஆக்கிரமிப்பின் தன்மை என்ற கட்டத்தில் 'வீடு' அல்லது 'குடிசை', எந்தப் பசலி (2025 ஜூலையில் பிறந்தது 1435ஆம் பசலி), தீர்வை இவ்வளவு, அபராதம் இவ்வளவு. கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுத்தது. தொகை பெரும்பாலும் சொற்பம். கட்டுகிறவர்கள் மறு பேச்சில்லாமல் கட்டிவிடுவார்கள். ஆனால் இது நிலவரி ரசீது கிடையாது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, சர்க்கார் நிலத்தில் அனுமதியின்றி இருப்பதற்காக விதிக்கப்படும் தண்டம். ஒவ்வொரு ரசீதிலும் இரண்டு விஷயங்கள் எழுதாமலே எழுதியிருக்கின்றன. நிலம் அரசாங்கத்துடையது, அதில் உட்கார்ந்திருப்பவர் ஆக்கிரமிப்பாளர். பணம் கட்டியவர் இரண்டையும் ஒத்துக்கொண்டார்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு என்றால் அது 'பன்னிரண்டு வருஷச் சட்டம்'. டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள்: பன்னிரண்டு வருஷம் ஒருத்தன் இடத்தில் இருந்துவிட்டால் அது இருக்கிறவனுக்கே சொந்தம். இதில் கால்பங்கு உண்மை. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், 1964 ஜனவரி 1 முதல் அமலில் இருப்பது, நிலத்தின் உரிமையாளர் தன் நிலத்தை மீட்க வழக்குப் போடுவதற்கு 12 ஆண்டுக் கெடு வைக்கிறது. அட்டவணையில் 65ஆம் இனம். அரசாங்கம் வழக்குப் போட வேண்டுமென்றால் 112ஆம் இனத்தின்படி 30 ஆண்டு. பழைய 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 60 ஆண்டாக இருந்தது. கெடு முடிந்துவிட்டால் வழக்குப் போடும் வாய்ப்பு மட்டும் போவதில்லை. 27ஆம் பிரிவின்படி அந்த நிலத்தின் மீதிருந்த உரிமையே மாண்டுபோகிறது. இதைத்தான் எதிரிடை அனுபவம் என்கிறார்கள்.

மிச்ச முக்கால் பங்கு, கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பதில் இருக்கிறது. நிலத்தில் கால் வைத்த நாளிலிருந்து அது ஓடுவதில்லை. அந்த இருப்பு, உரிமையாளருக்கு எதிரிடையாக மாறிய நாளிலிருந்துதான் ஓடும். 2004இல் கர்நாடக வக்பு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படி உரிமை கோருகிறவர் ஐந்து விஷயங்களைச் சொல்லியாக வேண்டும் என்றது. எந்தத் தேதியில் சுவாதீனத்துக்கு வந்தீர்கள்? எந்த மாதிரியான சுவாதீனம்? எதிராளிக்கு அது தெரியுமா? எத்தனை காலம் நீடித்தது? ஒளிவுமறைவில்லாமல், யாரும் இடையூறு செய்யாமல் இருந்ததா? திருடன் மாதிரி ஒளிந்து இருந்தாலும் ஆகாது. விருந்தாளி மாதிரி அனுமதி வாங்கி இருந்தாலும் ஆகாது. உரிமையாளரின் கண் முன்னால், 'இது என் இடம், உனக்கு இதில் ஒன்றுமில்லை' என்ற தோரணையில் இருந்திருக்க வேண்டும்.

புறம்போக்கில் இருக்கும் ஏழைக் குடும்பம் சறுக்குவது இந்தத் தோரணையில்தான். அரசு நிலத்தில் எதிரிடை அனுபவம் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகளில் குறுக்கு விசாரணை பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்.

"அம்மா, பட்டா கேட்டு மனு கொடுத்திருக்கீங்களா?"

"கொடுத்தேங்க ஐயா. கலெக்டர் ஆபீஸ்ல, திங்கட்கிழமை குறைதீர் நாள்ல, எத்தனையோ தடவை."

"யாரைக் கேட்டு மனு?"

"கவர்மெண்ட்டைத்தாங்க."

"அப்போ அது கவர்மெண்ட் இடம்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியுங்க ஐயா. அதனாலதானே அவங்ககிட்ட கேட்டோம்."

அரசு வழக்கறிஞர் உட்கார்ந்துவிடலாம். அந்த அம்மாளின் வழக்கு அந்த இடத்திலேயே முடிந்தது. பி மெமோ கட்டியது ஒரு ஒப்புதல். பட்டா கேட்டது இன்னொரு ஒப்புதல். முப்பது வருஷமும் அவர் நாணயமாக நடந்துகொண்டார், கேட்டபோதெல்லாம் தண்டம் கட்டினார், கும்பிட்டு மனு கொடுத்தார். அந்த நாணயம்தான் அவருக்கு எதிரான சாட்சி. அதே தெருக்கோடியில் பத்து சென்ட்டை வளைத்து, முள்வேலி போட்டு, கேட்க வந்த தலையாரியை விரட்டிவிட்டு உட்கார்ந்த ஆளுக்குச் சட்டப் புத்தகத்தில் அவரைவிடக் கூடுதல் இடம் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். கேட்டவருக்கு இல்லை, வளைத்தவருக்கு உண்டு என்று எந்த நீதிபதியும் எழுதியதில்லை. ஆனால் விதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அங்கேதான் போய் நிற்கின்றன.

இங்கிலாந்தில் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தார்கள். பெர்க்‌ஷயரில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் 23 ஹெக்டேர் மேய்ச்சல் நிலம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அனுமதி வாங்கி மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். 1983 முடிவில் அனுமதி காலாவதியானது. புதுப்பிக்கக் கேட்டதற்கு மறுப்பு. அவர்கள் பாட்டுக்கு மேய்த்துக்கொண்டே இருந்தார்கள், 12 வருஷத்துக்கு மேல். 'கேட்டிருந்தால் வாடகை கொடுத்திருப்போமே' என்றுகூடச் சாட்சி சொன்னார்கள். 2002இல் பிரபுக்கள் சபை, பணம் கொடுக்கத் தயாராக இருந்தது உரிமைக்கு இடைஞ்சல் இல்லை என்று நிலத்தை அவர்களுக்கே தீர்த்தது. நிறுவனம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2007இல் 10க்கு 7 என்ற கணக்கில் தோற்றது. நம் உரிமையியல் நீதிமன்றத்தில் அந்தப் பண்ணைக்காரர்கள் அப்படிச் சாட்சி சொல்லியிருந்தால் கூண்டிலிருந்து இறங்குவதற்குள் வழக்கு முடிந்திருக்கும். இத்தனைக்கும் சட்டத்தை அவர்களிடமிருந்துதான் வாங்கினோம். அவர்களோ 2002ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் அதையே மாற்றிவிட்டார்கள். இப்போது அங்கே பதிவான நிலத்தைக் கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால் முதலில் உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையில் கெடு 10 ஆண்டுதான். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். போரில் ஊரைவிட்டு ஓடியவர்களின் காணியில் வேறொருவர் பத்து வருஷம் இருந்துவிட்டார் என்பதற்காக உரிமை போய்விடக் கூடாதென்று 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தில், போரால் தன் உரிமையை நிலைநாட்ட முடியாமல் போனவருக்கு எதிராக அந்த வருஷங்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. கடிகாரத்தை நிறுத்தி வைக்கவும் சட்டத்துக்குத் தெரியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி பட்டா நிலத்துக்காரர்களின் பயம். இது புறம்போக்குக்காரர்களின் நம்பிக்கைக்கு நேர் எதிரான மூடநம்பிக்கை. செம்பாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் எண்பதுகளில் லேஅவுட் போட்டபோது ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, வாங்கிப் போட்ட அரசு ஊழியர்கள் ஏராளம். பிறகு மகனோடு அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு, 'பன்னிரண்டு வருஷமா மனைப் பக்கமே போகல, போயிடுமா?' என்று கேட்கிறார்கள். போகாது. போகாமல் இருப்பதால் மட்டும் நிலம் போகாது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில், கடந்த 12 வருஷத்துக்குள் நான் சுவாதீனத்தில் இருந்தேன் என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1963க்குப் பிறகு அந்தச் சுமை எதிராளி தலையில். நீங்கள் பத்திரத்தைக் காட்டினால் போதும். எதிரிடை அனுபவத்தை அவர்தான் தேதியோடு நிரூபிக்க வேண்டும். மனை காலியாகக் கிடந்தால், கருவேலம் முளைத்துக் கிடந்தால், எதிராளியே இல்லை; கடிகாரமும் இல்லை.

வாட்ச்மேனாக வைத்தவர் இருபது வருஷம் அங்கேயே குடும்பம் நடத்தினாலும் அவருக்கு உரிமை வராது. எத்தனை வருஷம் இருந்தாலும் காவல்காரரும் வேலைக்காரரும் உரிமையாளருக்காகத்தான் இருக்கிறார்கள் என்று 2012இல் கோவாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. கிரய அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் கொடுத்து உள்ளே வந்தவருக்கும் வராது. பத்திரம் முடியும்வரை அவர் விற்பவரின் தயவில் இருக்கிறார். கூட்டுப் பங்காளி ஒருவர் முழுச் சொத்தையும் அனுபவித்தாலும், மற்றவர்களுக்குப் பங்கே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து வெளியேற்றிய நாளிலிருந்துதான் கணக்கு.

வாடகைக்கு இருப்பவருக்கு? ஐம்பது வருஷம் ஆனாலும் கிடையாது. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் நல்ல குடித்தனக்காரரைக்கூட ஐந்தாறு வருஷத்தில் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்கார அம்மாக்கள் இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படிக்கவும். பதினொரு மாத அக்ரிமெண்ட்டும் இந்தப் பயத்தில் பிறந்ததில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால், அந்தச் செலவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழி அது.

அப்படியானால் யாருக்குத்தான் கிடைக்கிறது? புறநகரில் இந்தச் சட்டம் உண்மையாக வேலை செய்யும் இடம் காம்பவுண்ட் சுவர். பக்கத்து மனைக்காரர் வீடு கட்டும்போது கல்லை இரண்டடி தள்ளி நட்டுச் சுவர் எழுப்பிவிடுவார். 40க்கு 60 மனையில் அறுபது அடி நீளத்துக்கு இரண்டடி என்றால் 120 சதுர அடி. ஒரு கார் நிறுத்தும் இடம். சுவர் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, எழுப்பிய வருஷத்துக்குச் சிமெண்ட் பில் வரை இருக்கிறது. எதிரிடை அனுபவத்துக்கு இதைவிட லட்சணமான உதாரணம் கிடைக்காது. வெளியூரிலிருந்து வந்து சர்வேயரை வைத்துப் புலப்படத்தோடு அளந்து பார்க்கும்போது பதினான்கு வருஷம் ஓடியிருக்கும். போலீஸில் புகார் கொடுத்தாலும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் கடிகாரம் நிற்காது; கெடுவுக்குள் கோர்ட்டில் வழக்குப் பதிவாக வேண்டும். நடுவில் நீங்கள் மனையை விற்றுவிட்டால் வாங்கியவருக்குப் புதிதாகப் பன்னிரண்டு வருஷம் பிறப்பதும் இல்லை. ஆகவே மனை வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், பத்திரத்திலுள்ள அளவுக்கு மண்ணில் இடம் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்ப்பது நல்லது.

இப்படி நிலம் வந்தவர் தானே வழக்குப் போட்டு உரிமை கேட்கலாமா, அல்லது தன்மீது வழக்கு வந்தால் தடுத்துக்கொள்ள மட்டும்தான் முடியுமா என்பதில் குழப்பம் இருந்தது. தடுத்துக்கொள்ளத்தான் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2019 ஆகஸ்ட் 7ஆம் தேதி நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு அதை மாற்றி, வாதியாகவும் வரலாம் என்றது. அதே தீர்ப்பின் கடைசியில், பொதுப் பயன்பாட்டுக்கான நிலங்களில் இப்படி உரிமை வளர விடக்கூடாது என்றும், அதைச் சட்டத்திலேயே தெளிவாக்கினால் நல்லது என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

நீதிபதிகளுக்கே இந்தச் சட்டம் உறுத்தத்தான் செய்கிறது. 2008இல் நீதிபதி தல்வீர் பண்டாரி அமர்வு, இது அறிவுக்கும் நியாயத்துக்கும் பொருந்தாத சட்டம் என்ற பொருளில் கடுமையாக எழுதி, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2011இல் ஹரியானாவில் ஒரு தனியாரின் நிலத்தைப் போலீஸ் துறையே வளைத்துக்கொண்டு 'எதிரிடை அனுபவம்' என்று வந்து நின்றபோது, காக்க வேண்டியவர்களே இப்படியா என்று அதே நீதிபதி சீறினார். இமாச்சலத்தின் ஹமீர்பூர் மாவட்டத்தில் 1967–68இல் எழுத்தறிவில்லாத ஒரு விதவையின் நிலத்தை எடுத்துச் சாலை போட்ட மாநில அரசு, இழப்பீடும் கொடுக்காமல், நாற்பது வருஷம் கழித்து அவர் வழக்குப் போட்டதும் இதே வாதத்தை எடுத்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மக்கள் நல அரசு தன் குடிமக்கள் நிலத்தில் எதிரிடை அனுபவம் கேட்க முடியாது என்று தீர்த்து இழப்பீடு தரச் சொன்னது. பண்டாரியின் கேள்விக்குப் பதில் வர 15 வருஷம் ஆனது. 2023 மே மாதம் சட்ட ஆணையம் தன் 280ஆவது அறிக்கையில், மாற்றம் எதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. ஆணையத்தில் பதவி வழி உறுப்பினர்களாக இருந்த அரசுச் செயலாளர்கள் மாறுபட்டுக் குறிப்பு எழுதினார்கள்.

என்னைக் கேட்டால், சட்டத்தையே எடுத்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது, பத்திரப் பதிவு உரிமைக்கு உத்தரவாதம் ஆகாது என்றிருக்கும் நாட்டில், ஓட்டைப் பத்திரத்தை நல்லதென்று நம்பி வாங்கி வீடு கட்டி முப்பது வருஷம் வாழ்ந்தவருக்குக் கடைசியாகக் கைகொடுப்பது இதுதான். திருத்த வேண்டியது, நாணயமாக இருந்தவரைத் தண்டிக்கும் அந்த ஒரு கணுவை.

கோயில் நிலத்தில் இருப்பவர்கள் மேலே சொன்ன எதையும் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். 2003இல் திருத்தி எழுதப்பட்ட இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, கோயில் சொத்தை மீட்கும் வழக்குக்குக் கெடுவே கிடையாது என்கிறது. மூன்று தலைமுறையானாலும் அதே கதைதான்.

நீர்நிலைகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலைப் புறம்போக்குகளை மீட்கச் சொல்லிப் போட்ட உத்தரவின் வழியில் 2007இல் ஏரிப் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. 2011 ஜனவரியில் பஞ்சாபின் ஒரு குளத்தை முன்வைத்து நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, எத்தனை வருஷம் இருந்தாலும், எவ்வளவு செலவழித்து வீடு கட்டியிருந்தாலும் ஊர்ப் பொது நிலத்தை வரன்முறைப்படுத்தக் காரணம் ஆகாது என்று எழுதினார். சிட்லபாக்கம் ஏரி விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகளை ஜேசிபி கொண்டு இடித்தபோது, பல பத்தாண்டுகளாகக் குடியிருந்த குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்ததும் வீட்டு வரி வாங்கியதும் இதே அரசாங்கம்தானே என்ற கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. 'வரி வாங்கியதால் உரிமை தந்ததாக ஆகாது' என்ற வரி மட்டும் இருக்கிறது.

அப்படியென்றால் அந்த பி மெமோ கட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், கூடவே கூடாது. கோர்ட்டில் உங்களுக்கு எதிராகப் பேசும் அதே தாள், தாலுகா ஆபீஸில் உங்களுக்காகப் பேசும். நீங்கள் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு அரசாங்கமே எழுதிக் கொடுத்த சாட்சி அது. சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டர் 'பெல்ட் ஏரியா'வில் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பட்டா கொடுக்க 1962 முதல் தடை இருந்துவந்தது. தாம்பரம், பல்லாவரம் எல்லாம் அந்த வட்டத்துக்குள். 2025 பிப்ரவரி 10ஆம் தேதி தமிழக அமைச்சரவை அந்த முட்டுக்கட்டையை விலக்க முடிவெடுத்தது. மாநிலம் முழுக்கச் சுமார் 86,000 பேருக்குப் பட்டா. அதில் 29,187 பேர் சென்னையிலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும் இருப்பவர்கள் என்று அறிவித்தார்கள். சட்டம் உரிமையாகத் தராததை அரசாங்கம் சலுகையாகத் தருகிறது. ஆட்சேபணையற்ற புறம்போக்குக்கு மட்டும்.

ஆகவே உங்கள் புல எண் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. கிராம 'அ' பதிவேட்டில் புல எண்ணுக்கு நேரே வகைப்பாடு எழுதியிருக்கும். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏரி, வாய்க்கால், ஆறு, குளம், சாலை என்று இருந்தால் மனு எழுதிக் காலத்தைப் போக்காமல், மாற்று வீட்டுக்கான கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லாங்குத்து, பாறை, தீர்வை ஏற்படாத தரிசு என்று இருந்தால் பி மெமோவை வருஷ வரிசையாக அடுக்கி, இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு தாசில்தார் அலுவலகத்துக்குப் போங்கள். மேய்க்கால் என்று இருந்தால் விஷயம் கொஞ்சம் சிக்கல். அது அடுத்த வாரம்.

(தொடரும்)